சாட்சிக் கத்திரிக்காய்

திருவண்ணாமலையில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர், பின்பக்கமாகவே நடந்து சுற்றுகிறவர், சுற்றி முடிக்கும்வரை வாயைத் திறக்காதவர் என்று எல்லோரையும் பார்த்திருக்கிறேன். புழுக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவர்கள் எல்லாம் சாதுக்கள். கத்திரிக்காயில் புழு இருக்கிறது என்று வியாபாரியோடு சண்டை போடுகிறவர்களை நீங்கள் ஆயிரம் பேர் பார்த்திருப்பீர்கள். புழு வேண்டாம் என்று சொன்னதற்காக வாங்க வந்தவரோடு சண்டை போட்ட வியாபாரி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் யாரும் தேடியதில்லை. முகத்துக்கு நேரே 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'புழுக்காரர்'. இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார்.

சந்தை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், இரண்டு புளியமரங்களின் நிழலில், சுற்றுவட்டார விவசாயிகள் பதினைந்து இருபது பேர் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மருந்து அடிக்காமல் விளைவித்ததை மட்டுமே அங்கே கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள். நிம்மதியைத் தேடி வந்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போல, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்து, இருந்த நிம்மதியையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். அவள் கண் மஞ்சளாக இருந்ததை நான் இரண்டு நாளாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கூடத்தில் புதிதாக மாட்டியிருந்த பல்பில்தான் கோளாறு என்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். அவரும் வந்து பல்பை மாற்றிவிட்டுப் போனார். மாற்றிய பல்பிலும் கண் மஞ்சளாகத் தெரிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பதினோரு நாள். அதில் நான்கு நாள் டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே எங்களோடு பேசினார்.

அவள் தேறிவிட்டாள். நான் இன்னும் தேறவில்லை. தண்ணீரால் வந்தது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் தண்ணீரோடு சண்டை போட்டு முடித்துவிட்டுக் காய்கறிக்கு வந்தேன். தக்காளியை உப்பு நீரில் ஒரு முறை, மஞ்சள் நீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை என்று குளிப்பாட்டினேன். தினமும் காலையில் மகளைப் பால்கனியில் கிழக்குப் பார்த்து நிற்கவைத்து, கீழ் இமையை இழுத்துக் கண்ணின் நிறத்தைச் சோதிப்பேன். நாளடைவில் நான் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க, செக்போஸ்ட்டில் லாரி வந்து நிற்பதுபோல் அவளே வந்து நிற்பாள்.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை: அவளுடைய ஆசை. இரண்டாவது தோசை முறுகலாக இல்லையென்றால் வீட்டை இரண்டாக்கிய பெண், எதைப் போட்டாலும் சாப்பிட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டால் "ஏதோ ஒண்ணு போடுங்கம்மா" என்றாள். மாதக்கணக்கில் இதே பதில். நானும் என் மனைவி சுமதியும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. இருவருக்கும் தெரியும் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புழுக்காரரின் சாக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பளபளவென்று இருந்த கத்திரிக்காய்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. தலையில் பச்சைத் துண்டு. என் பையை வாங்கி, உள்ளே கையை விட்டு, நல்ல காய் ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பக்கவாட்டில் ஓட்டை விழுந்த ஒரு கோணல் காயைத் தேடி எடுத்து உள்ளே போட்டார்.

"இது சொத்தைங்க" என்றேன்.

"சொத்தை இல்ல சார், சாட்சி."

மற்ற வியாபாரிகள் கொசுறாகக் கறிவேப்பிலை தருவார்கள். இவர் புழு தந்தார். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் புழு இருக்கிற காய் ஒன்று கட்டாயம். அந்தப் புழு உள்ளே உயிரோடு நெளிகிறது என்றால் மற்ற காய்களிலும் விஷம் இல்லை என்று பொருள். சாட்சி இல்லாமல் சரக்கு கிடையாது.

நான் ஆபீஸில் காகிதத்தை நம்பி வேலை பார்க்கிற ஆள். மருந்து அடிக்கவில்லை என்பதற்கு ஏதாவது சான்றிதழ், கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சூரிக்கத்தியால் சாட்சியைப் பிளந்து, சதைக்குள் வளைந்து வளைந்து ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினார்.

"இன்னா அழகா போட்டுகீது பாருங்க கையெழுத்து."

சாட்சியை மதிக்காதவர்களை அவர் மன்னிப்பதில்லை. ஒரு டீச்சரம்மா, காய் வாங்கிக்கொண்டு நாலு எட்டு நடந்ததும் சாட்சியை மட்டும் சாக்கடையில் வீசிவிட்டுப் போனார். அதைப் புளியமரத்தடியிலிருந்தே பார்த்துவிட்ட புழுக்காரர், அடுத்த மூன்று வாரம் அந்த அம்மாவுக்குக் கத்திரிக்காய் தரவில்லை. நான்காவது வாரம் டீச்சரம்மாவின் கணவர் வந்து, இனிமேல் அப்படி நடக்காது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு பக்கம், ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, இது இந்த ஊர்ச் சடங்குகளில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டார். வாராவாரம் சாட்சியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புழுவைத் தெருமுனை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போவார். சந்தையிலேயே புழுக்காரர் எழுந்து நின்று மரியாதை செய்த ஒரே வாடிக்கையாளர் அந்த அம்மாதான்.

அவருக்கு ஒரு பரம எதிரியும் உண்டு. பக்கத்துச் சாக்கில் கீரை விற்கும் அக்கா. மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் அரைக்காணி நிலத்தில் கீரை போடுகிறவர். கீரைப் பாத்தி வரப்பில் வீட்டுச் செலவுக்கு அவர் நட்டிருந்த கத்திரிச் செடி ஆறிலும் புழு வந்துவிட்டது. அந்தப் புழு புழுக்காரரின் கூடையிலிருந்து இறங்கி, தன் கீரைக்கட்டில் ஏறி, மினி பஸ்ஸில் தன்னோடு ஊருக்கு வந்துவிட்டது என்பது அவர் வாதம்.

"யோவ், உன் புழுவுக்கு ஊர்ல எடமே இல்லையா? என் வூட்டுக்குத்தான் வரணுமா?"

"நல்ல எடமாப் பாத்து வந்துகீதும்மா. சந்தோசப்படு."

அக்கா சந்தோஷப்படவில்லை. இரண்டு சாக்குக்கும் நடுவே ஒரு சணல் கயிற்றை நீளமாகப் போட்டு வைத்தார். எல்லைக்கோடு. அதைத் தாண்டி ஓர் இலை விழுந்தாலும் பஞ்சாயத்துதான். அந்த வழக்குகளைக் கேட்பதற்காகவே சிலர் ஒரு கட்டுக் கீரை வாங்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

நான் கேள்விமேல் கேள்வி கேட்கிற ஆள் என்பதால், எனக்கு வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று புழுக்காரர் இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார். பல்பு மாற்றிய கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு விஷயத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் காயைப் பையில் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி.

"பாப்பா சாப்புடுதா?"

"சாப்பிடறா."

"கேட்டு சாப்புடுதா, போட்டா சாப்புடுதா?"

டாக்டர்கள் எத்தனையோ டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த டெஸ்ட்டை எவரும் எழுதவில்லை. போட்டால் சாப்பிடுகிறாள் என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாட்சியைத் தேடுவார்.

ஒரு சனிக்கிழமை. கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே என் மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு எண்ணெய் கத்திரிக்கா பண்ணச் சொல்லுங்களேன், அம்மாகிட்ட."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சுமதி வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அதைத் திரும்பச் சொல்லச் சொன்னால் மகள் மனத்தை மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்று பயந்து, "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். எண்ணெய் சேர்க்கலாமா என்று டாக்டரைக் கேட்பதற்காகப் போனை எடுத்தேன். சுமதி பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகச் சந்தைக்குப் போய்விட்டேன் என்று நினைத்தேன். எனக்கு முன்பே புழுக்காரரின் சாக்கைச் சுற்றி ஒரு கூட்டம். எட்டிப் பார்த்தால் வாழ்க்கையில் நான் பார்த்திராத கத்திரிக்காய். ஊதா நிறத்தில் முகம் பார்க்கலாம். ஒரு கீறல் இல்லை, ஓட்டை இல்லை. கூட்டம் பூரித்துப்போயிருந்தது. மூன்று வாரத் தண்டனை பெற்ற டீச்சரம்மா, இப்போதாவது இவருக்குப் புத்தி வந்ததே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புழுக்காரர் மட்டும் கத்தியும் கையுமாக ஒவ்வொரு காயாகப் பிளந்துகொண்டிருந்தார். எதிரில் முப்பது நாற்பது காய்கள் வாயைப் பிளந்து கிடந்தன. எல்லாம் வெள்ளை வெளேர் என்று சுத்தமாக இருந்தன.

"ஒண்ணு கூட இல்ல சார்" என்றார் என்னிடம். அடுத்த காயை எடுத்தார்.

நடந்தது இதுதான். அவர் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை யாரோ குத்தகைக்கு எடுத்து, டிரோன் வரவழைத்து மருந்து அடித்திருக்கிறார்கள். காற்று இவர் பக்கம் வீசியிருக்கிறது. இவருடைய கத்திரிச் செடியெல்லாம் நனைந்துவிட்டது. டிரோன் வந்தது தெரிந்தும், மருந்து தன் செடிவரை வந்தது தெரியாமல் விடியற்காலையில் பறித்துக் கூடையில் கொண்டுவந்து, சாட்சி பொறுக்கும்போதுதான் கண்டுபிடித்தார். முதலில் கேட்டவரிடமே சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். சரக்கு மலைபோல் குவிந்திருக்கிறதே என்று அந்த ஆளுக்குக் கோபம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கீரையக்கா, வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில் சொன்னார்: "ஒரு வாரம் வித்துட்டுப் போயேன்யா. நீயா அடிச்ச? யாருக்குத் தெரியப்போவுது?"

"புழுவுக்குத் தெரிஞ்சிபோச்சேம்மா."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகள் நேற்றுக் கேட்டுவிட்டாள் என்றேன். அவர் பிளந்துகொண்டிருந்த காயைக் கீழே வைத்தார்.

"இன்னா கேட்டுச்சி?"

"எண்ணெய் கத்திரிக்கா."

"அதுவா கேட்டுச்சா? நீங்க ஒண்ணும் சொல்லாம?"

"அவளாத்தான்."

கத்தியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். தரப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இத தரமாட்டேன் சார்."

அந்த நிமிடத்தில் நான் சொன்னதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தப் புழு நாடகத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் கத்திரிக்காய்க்கா பஞ்சம், நான் டவுன் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கூட்டத்துக்கு முன்னால் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"வாங்குங்க சார். பாப்பாவுக்குப் போட உங்களுக்குக் கை வந்தா போடுங்க."

டவுன் மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கு பார்த்தாலும் கத்திரிக்காய் குவியல். எல்லோரும் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் ஒவ்வொரு காயாகத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடினேன். கடைக்காரர் என்னைச் சொத்தை வாங்க வந்த முதல் ஆளாகப் பார்த்தார். கை வரவில்லை. இரண்டு பீர்க்கங்காயோடு வீடு திரும்பினேன்.

சுமதி பையைத் திறந்து பார்த்துவிட்டு, பீர்க்கங்காயை எடுத்து மேடையில் வைத்தாள். மகள்தான் சொன்னாள்: "பரவால்லப்பா. ஏதோ ஒண்ணு போடுங்க."

பழைய பெண்ணாக இருந்தால் அந்தப் பீர்க்கங்காயை என் மேல் வீசியிருப்பாள். வீசமாட்டாளா என்று இருந்தது எனக்கு.

பன்னிரண்டரை மணி இருக்கும். வாசலில் ஒரு மொபெட் முக்கி முனகி நின்றது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிறவர் புழுக்காரர். பின்னால், அவர் தோளைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கீரைக் கூடையை நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு, கீரையக்கா. புதன்கிழமைகளில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வருகிறவர் என்பதால் வீட்டைக் காட்ட அவர் வந்திருந்தார். கயிறு போட்டுப் பிரித்து வைத்த இரண்டு வல்லரசுகள் ஒரே மொபெட்டில் வந்து இறங்கியதைப் பார்த்த சாட்சி எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

நான் இறங்கிப் போனதும், புழுக்காரர் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்த பச்சைத் துண்டை அவிழ்த்தார். உள்ளே ஆறு கத்திரிக்காய். கோணல் மாணலாக, ஓட்டை ஓட்டையாக.

"இது என் காய் இல்ல சார். இந்தம்மா வரப்புல காய்ச்சது. மலைக்கு அந்தப் பக்கம், அங்க ஒண்ணும் அடிக்கல" என்றார். பிறகு, பொற்காசு கொண்டுவந்தவர்போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆறுலயும் இருக்குது."

"என்னா கெஞ்சு கெஞ்சுனாரு தெரியுமா சார்" என்றார் கீரையக்கா. "ஆறு மாசமா என் புழு இல்ல, என் புழு இல்லன்னு சத்தியம் பண்ண மனுசன், இன்னிக்கி என் செடிகிட்ட குந்திகினு, இது என் புழுதான் தாயி, குடுன்றாரு."

புழுக்காரர் மறுக்கவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த என் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் கேட்டியாம்மா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. கத்தியை எடுத்து ஒரு காயை அவள் எதிரிலேயே பிளந்தார். இளஞ்சிவப்பாக ஒரு புழு தலையைத் தூக்கி எங்கள் குடும்பத்தைப் பார்த்தது. என் மகள் "ஐய" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, புழுவையும் மூணு தண்ணில கழுவுவீங்களா?"

கீரையக்கா சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்தது. சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் காதிலேயே விழவில்லை என்பதுபோல் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். புழு உண்மையில் யாருடையது என்ற விவாதம் அதற்குள் மறுபடி தொடங்கியிருந்தது.

எண்ணெய்க் கத்திரிக்காய், ஓட்டைப் பகுதிகளை நறுக்கித் தள்ளியதுபோக, கொஞ்சம்தான் தேறியது. என் மகள் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சட்டியைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். எனக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் எந்த லேபிலிருந்தும் வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு புழுக்காரர் சந்தைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நிலத்தில் புழு திரும்பி வரும்வரை தானும் வரப்போவதில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டாராம். அவர் இடத்தில் சாக்கு விரிக்க ஒரு தேங்காய்க்காரர் முயன்றார். கீரையக்கா சணல் கயிற்றைக் காட்டி விரட்டிவிட்டார். எல்லை எல்லைதானாம். ஏழு வாரம், அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் புளிய இலைகள் மட்டும் விழுந்து கிடந்தன. நான் வாராவாரம் அங்கே நின்று, "வந்துச்சாக்கா?" என்று கேட்பேன். "இன்னும் வரல சார்" என்பார். நாங்கள் பேசிக்கொள்வது ஒரு பூச்சியைப் பற்றி என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. வெளியூரில் இருக்கும் பிள்ளையைப் பற்றி என்று நினைத்திருப்பார்கள்.

போன ஞாயிறு கீரையக்கா ஒரு தினசரித்தாள் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "குடுக்கச் சொன்னாரு. அடுத்த வாரம் வர்றாராம்."

உள்ளே ஒரே ஒரு கத்திரிக்காய். காம்புக்குக் கீழே சின்ன ஓட்டை.

அதைச் சமையலறைக்குள் விட முடியாது என்று சுமதி சொல்லிவிட்டதால் பால்கனித் திண்டில் வைத்தேன். மறுநாள் காலை எழுந்ததும் போய்க் குனிந்து பார்த்தேன். ஓட்டை வாசலில் ஏதோ அசைவதுபோல் இருந்தது. பக்கத்தில் என் மகள், பிரஷ் வாயில் இருக்க, கிழக்குப் பார்த்து வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்பா, என் கண்ணப் பாக்கலையா?" என்றாள்.

"இரும்மா, வெளிய வருது" என்றேன்.

அவளும் குனிந்து பார்த்தாள். அன்றைக்குக் கண்ணைப் பார்க்காமலே அவள் பள்ளிக்கூடம் போனாள் என்பது எனக்கு ஆபீஸ் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

வரும் ஞாயிறு முதல் ஆளாகப் போய்ப் புளியமரத்தடியில் உட்காரப் போகிறேன். இந்த முறை சாட்சியை நானே பார்த்துப் பொறுக்கிக்கொள்வேன். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.